பசுவின் கண் மின்னுகிறது, அம்மாவின் கண் ஏன் மின்னவில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறையில் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவோடு பால்வெட்டுக்குப் போவேன். அம்மாவின் விளக்கு நெற்றியில் இருக்கும். என் டார்ச் லைட் இடுப்பளவில் கையில் தொங்கும். திடீரென்று அம்மா நிற்பார். "பக்கத்து லயத்துப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது, பார்" என்பார். எனக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. "டார்ச்சை நெற்றிக்கு உயர்த்திப் பார், அய்யா." உயர்த்தினால், மரங்களுக்கு நடுவே நீலப்பச்சையாக இரண்டு வட்டங்கள் எரியும்.

கண் மருத்துவம் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு விதியைத்தான் அம்மா அன்று சொல்லித் தந்தார் என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை முன்புறப் படலமும் வில்லை என்னும் லென்ஸும் குவித்து, பின்சுவரான விழித்திரையில் சேர்க்கின்றன. அங்கே உறிஞ்சப்பட்டது போக மிஞ்சிய ஒளி வெளியேற வேண்டுமானால், அதே வில்லை வழியாகத்தான் வெளியேற வேண்டும். வந்த வழியே, புறப்பட்ட விளக்கை நோக்கியே அது திரும்பிப் போகும். விளக்கு இடுப்பில் இருந்தால் ஒளி இடுப்புக்குப் போய்விடும். பார்ப்பவரின் கண்ணுக்கு வராது. எதிரில் இருப்பவரின் கண்மணி நமக்கு எப்போதும் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். கண்ணின் உட்புறம் கறுப்பு அல்ல. அதைப் பார்க்க நாம் குனியும்போது, உள்ளே போக வேண்டிய வெளிச்சத்தை நம் தலையே மறைத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தினார். தகடுகளில் பட்டுத் தெறித்த ஒளி நோயாளியின் கண்ணுக்குள் போனது. திரும்பி வந்த ஒளியில் ஒரு பகுதி அதே தகடுகளை ஊடுருவி அவருடைய கண்ணுக்கு வந்தது. விளக்கும் பார்வையும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. உயிரோடு இருக்கும் மனிதரின் விழித்திரையை அவர் தெளிவாகப் பார்த்தார். 1851இல் இந்தக் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். இன்று மருத்துவர் கையில் பிடித்து நம் கண்ணருகே கொண்டுவரும் கருவி அதன் வழித்தோன்றல்தான். நெற்றி விளக்கோடு நிரையில் நடந்த ஒவ்வொரு பால்வெட்டுத் தொழிலாளியும் இதே விதியைத்தான் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார்.

பசுவின் கண் அவ்வளவு பளிச்சென்று எரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் ஓர் அடுக்கு இருக்கிறது. முதல் முறை தப்பிய ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது, விழித்திரைக்கு அதைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நடமாடும் விலங்குகளுக்கு இது பெரிய வரம். பூனை, நாய், ஆடு, மூசாங் என்னும் மரநாய் எல்லாவற்றுக்கும் இது உண்டு. மனிதருக்கு இல்லை, பன்றிக்கும் இல்லை. நம் விழித்திரைக்குப் பின்னால் இருப்பது ஒளியை விழுங்கும் கருநிறமியும் இரத்தக் குழாய்களும்தான். ஆகவே நம் கண்ணிலிருந்து திரும்புவது மங்கலான செந்நிற ஒளி.

அந்த மங்கலான சிவப்பை வைத்தே மருத்துவர் பலவற்றைப் படித்துவிடுகிறார். வில்லையில் புரை விழுந்திருந்தால் சிவப்புக்கு நடுவே கருநிழல் தெரியும். குழந்தையின் புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால், படம் எடுத்த கோணம் காரணமாக இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கேமராவைக் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அந்தப் படத்தையே காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குழந்தையின் உயிரைக் காக்கலாம், பல நேரம் பார்வையையும் காக்கலாம்.

அம்மாவுக்கு இனிப்பு நீர் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். நம் வீடுகளில் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறோம், காலில் வரும் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம். கண்ணைப் பற்றி மட்டும், பார்வை மங்கிய பிறகுதான் பேசுகிறோம்.

மங்கும்வரை காத்திருப்பதுதான் தவறு. சர்க்கரை மிகுந்த இரத்தம் விழித்திரையின் நுண்ணிய குழாய்ச் சுவர்களைத் தளர்த்துகிறது. தளர்ந்த இடம் குமிழ் போலப் புடைக்கிறது. மருத்துவரின் ஒளியில் அது ஊசிமுனை அளவு செம்புள்ளியாகத் தெரியும். சில குழாய்கள் கசிகின்றன, சில அடைபடுகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி புதுக் குழாய்கள் வேண்டும் என்று வேதிச் செய்தி அனுப்புகிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை. உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டிவிடும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது, நோயாளி சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துக்கொண்டிருக்கலாம். வலியும் இராது. எழுத்துப் பலகை பார்வையின் கூர்மையைத்தான் அளக்கும். விழித்திரையின் நலத்தை அது சொல்லாது. உள்ளே ஒளியை அனுப்பிப் பார்த்தால்தான் உண்டு. லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இன்று இருக்கின்றன. ஆனால் அவை இருக்கும் பார்வையைக் காப்பதில்தான் கெட்டிக்கார வைத்தியங்கள். இழந்ததை முழுவதும் மீட்டுத் தருவது அரிது.

நாய்க்கும் நீரிழிவு வரும். அதன் வில்லையில் மிகுதியான சர்க்கரை சார்பிட்டால் என்ற பொருளாக மாறி, வெளியேற முடியாமல் தங்கி, நீரை உள்ளே இழுக்கிறது. வில்லை உப்பிப் பால்போல வெளுத்துவிடும். சில வாரங்களில் பார்வை போன நாய்களும் உண்டு.

விலங்குக்கு எழுத்துப் பலகை காட்ட முடியாதே, கால்நடை மருத்துவர் என்ன செய்வார்? ஒரு பஞ்சு உருண்டையை நாயின் முன்னால் விழவிடுவார். பஞ்சு ஓசை எழுப்பாது, வாசனையும் பெரிதாக இல்லை. நாயின் தலை அதைத் தொடர்ந்து திரும்பினால் பார்வை இருக்கிறது. பசுவின் கண்ணெதிரே உள்ளங்கையைக் கொண்டுபோவார். கண் சிமிட்ட வேண்டும். கையை வேகமாக வீசக்கூடாது. வீசினால் காற்றுப் பட்டே குருட்டுக் கண்ணும் சிமிட்டிவிடும். எங்கள் லயத்துப் பசு ஒன்று கண்ணீர் வடியத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது, மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு நீல விளக்கைக் காட்டினார். ஈக்கள் பரப்பும் தொற்றினால் புண்பட்டிருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. மனிதருக்கும் இதே சாயம், இதே நீல விளக்குதான்.

சென்ற மாதம் அம்மாவைப் பட்டணத்துக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். தாதி சொட்டு மருந்து விட்டார். அது கண்மணியைச் சுருக்கும் தசையைச் சில மணி நேரம் தூங்கவைக்கும். அரை மணியில் கண்மணி விரிந்து, பழுப்பு வளையம் ஒரு நூலிழையாகிவிட்டது. "எல்லாம் வெள்ளையாகக் கூசுகிறதப்பா" என்று கைக்குட்டையால் கண்ணை மறைத்துக்கொண்டார். இடது கண்ணில் இரண்டு செம்புள்ளிகள் இருந்தன. ஆறு மாதத்தில் மீண்டும் வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கண்மணிகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. வாசலில் நின்ற அம்மாவை என் மகள் கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தாள். ஃபிளாஷ் விளக்கு லென்ஸை ஒட்டியே இருக்கிறது. படத்தில் அம்மாவின் இரண்டு கண்களும் சீரான சிவப்பு வட்டங்களாக விழுந்திருந்தன. வேலிக்குப் பின்னால், நாங்கள் யாரும் கவனிக்காத பக்கத்து வீட்டுப் பசுவின் கண்கள் நீலப்பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.