கலிஃபோர்னியா ரோலில் நண்டு எங்கே?

"கலிஃபோர்னியா ரோல் சாப்பிட்டால் நண்டின் புரதம் கிடைத்த கணக்குதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சோற்றில் அவகாடோவும் 'நண்டும்' வைத்துச் சுருட்டும் சுஷி வகை அது. ஆனால் பெரும்பாலான கடைகளில் அதில் நண்டே கிடையாது.

பிறந்த கதை சுருக்கமாக. 1960களில் லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவில், டோக்கியோ கைக்கான் உணவகத்தின் சமையல்காரர் இச்சிரோ மஷிட்டா, கொழுப்பு மிகுந்த சூரை மீன் துண்டுக்குப் பதிலாக அவகாடோவை வைத்தார் என்பார்கள். இல்லை, நான்தான் என்கிறார் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த சமையல்காரர் ஹிடேகாசு டோஜோ. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

என்னைக் கவர்ந்தது அந்த 'நண்டு'தான். அதன் பெயர் சுரிமி, அலாஸ்கா பொல்லாக் போன்ற வெள்ளை மீனை அரைத்துக் கழுவிய விழுது. உப்புப் போட்டுப் பிசைந்தால் தசைப் புரதமான மயோசின் கரையும், சூடாக்கினால் அந்த இழைகள் வலைபோல் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதனால்தான் கடிக்கும்போது ரப்பர் மாதிரி துள்ளுகிறது. ஆனால் பொல்லாக்கை உறையவைத்தால் காரியம் கெட்டது. தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாகப் பிரிந்துபோக, புரதங்கள் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வேகவைத்தால் பஞ்சுதான்.

1960 வாக்கில் ஜப்பானின் ஹொக்கைடோவில், அரசு மீன்வள ஆய்வாளர்கள் வழி கண்டார்கள்: கழுவிய விழுதில் சர்க்கரை கலந்து உறையவை, அவ்வளவுதான்! இதில் அழகு என்னவென்றால், சர்க்கரை போய்ப் புரதத்தில் ஒட்டிக்கொள்வதில்லை, சற்று விலகியே நிற்கிறது. அதனால் புரதத்தைச் சுற்றித் தண்ணீருக்கே இடம். புரதம் விரிந்தால் சர்க்கரை ஒதுங்கவேண்டிய பரப்பு கூடும், அது ஆற்றல் கணக்கில் நஷ்டம், ஆகவே புரதம் மடிப்பு கலையாமல் இருந்துவிடுகிறது. தொடாமலே காக்கும் காவல்! 'மீன் விழுதில் சர்க்கரை போட்டுப் பார்க்கிறேன்' என்று இன்று ஒருவர் ஆராய்ச்சிப் பணம் கேட்டால் சிரித்தே அனுப்பிவிடுவார்கள் என்பது என் ஆதங்கம்.

சரி, சத்துக்கு வருவோம். கழுவும்போதே கரையும் புரதம், வைட்டமின், மீன் கொழுப்பு எல்லாம் ஓரளவு போய்விடுகிறது. சர்க்கரையும் மாவும் உள்ளே வருகின்றன. ரோலில் பெரும்பங்கு வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்த வெள்ளைச் சோறு. உருப்படியாக இருப்பது அவகாடோ: ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஓலியிக் அமிலம் என்ற நல்ல கொழுப்பு, கூடவே நார்ச்சத்து.

ஒன்று மட்டும் கவனம். நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் 'இது நண்டில்லையே' என்று துணிந்துவிடாதீர்கள், மணத்துக்காகப் பல சுரிமிகளில் நிஜ நண்டுச் சாறு சேர்ப்பார்கள்.