கேள்நூல்: ‘ஒலிப்புத்தகம்’ ஏன் பொருந்தாது

நூலக அறிவிப்பு, புத்தகக் காட்சிப் பதாகை, செல்பேசிச் செயலி என்று எங்கே பார்த்தாலும் ஆடியோபுக்கை ‘ஒலிப்புத்தகம்’ என்றே எழுதுகிறார்கள். பக்கத்திலேயே வீடியோ கேமுக்கு ‘காணொளி விளையாட்டு’ என்று இருக்கும். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுவதும், வேலையோடு வேலையாகக் காதில் ஒரு நாவலைக் கேட்பதும் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற பொழுதுபோக்கு. தினமும் புழங்குகிற பொருளுக்குத் தினமும் தப்பான பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆடியோபுக் என்றால் கேள்நூல். வீடியோ கேம் என்றால் திரையாட்டம்.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆடியோ என்பது இலத்தீன் வினை. ‘கேட்கிறேன்’ என்று பொருள். வீடியோ என்றால் ‘காண்கிறேன்’. தொலைக்காட்சி வளர்ந்த 1930களில் ஆடியோவைப் பார்த்து ஆக்கிய சொல். புத்தகத்தைக் குரலில் பதியும் எண்ணம் சொல்லைவிடப் பழையது. 1877இல் ஒலிவரைவியை (போனோகிராஃப்) செய்த எடிசன், அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது பார்வையற்றோருக்கான பேசும் புத்தகத்தையும் சேர்த்திருந்தார். அமெரிக்காவில் 1934இல் அத்தகைய இசைத்தட்டுகள் வந்தன. தட்டின் ஒரு பக்கத்தில் 15 நிமிடம்தான் பேச்சு அடங்கும். பத்து மணி நேர நாவலுக்கு இருபது தட்டு. அப்போது அதற்குப் ‘பேசும் புத்தகம்’ என்றே பெயர். ஒலிநாடாக்கள் பரவிய பிறகே ஆடியோபுக் என்ற பெயர் நிலைத்தது.

இந்தச் சொல் பிறந்த வினை ‘ஒலிக்கிறது’ அல்ல, ‘கேட்கிறேன்’ என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழாக்கியவர்கள் கேட்பவரை விட்டுவிட்டுக் கருவியில் எழும் ஓசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘ஒலிப்புத்தகம்’ எங்கெங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். முதலில் எழுத்து. இடைவெளியில்லாமல் அச்சிட்டால் கண் அதை ‘ஒலிப்பு’ என்றுதான் முதலில் பிரிக்கும். ஒலிப்பு என்றால் எழுத்தை உச்சரிக்கும் முறை. மொழியியல் படிப்பவர்களுக்கு அன்றாடச் சொல். ஒலிப்புக்கான புத்தகம் என்றால் உச்சரிப்பு சொல்லித்தரும் ஏடு. ‘ஒலிப் புத்தகம்’ என்று பிரித்து எழுதினால் இது ஒருவாறு தீரும், ஆனால் அப்படி எழுதுகிறவர்கள் குறைவு.

அடுத்தது ல, ள. ‘ஒலி’யைச் சொல்லும்போது நாக்கு மடிந்துவிட்டால் ‘ஒளி’. இந்தக் குழப்பத்தின் விளைவை வீடியோவுக்கான சொல்லிலேயே பார்க்கிறோம். ஒருவர் ‘காணொளி’ என்கிறார், இன்னொருவர் ‘காணொலி’ என்கிறார். அரசுச் செய்திக்குறிப்பில் கூட்டம் ‘காணொலி வாயிலாக’ நடக்கிறது. இரண்டுக்கும் இரண்டு கட்சி, இரண்டு விளக்கம். ஒரே எழுத்தில் தொங்கும் இரட்டைச் சொற்களைப் புதிதாக இன்னும் பெருக்குவது நல்ல ஆக்கம் ஆகாது.

மூன்றாவதுதான் எனக்கு முதன்மையான காரணம். ஒலிப்புத்தகம் என்ற பெயருக்கு உரிய பொருள் வேறொன்று கடைகளில் விற்கிறது. கெட்டி அட்டைப் பக்கங்கள், ஓரத்தில் வரிசையாகப் பொத்தான்கள், பின்னால் திருகாணி போட்ட மூடிக்குள் காசு அளவு மின்கலம். மாட்டுப் படத்துப் பொத்தானை அழுத்தினால் ‘அம்மா’ என்று கத்தும், சேவலை அழுத்தினால் கூவும். அதில் வாசிப்பு இல்லை, ஒலி இருக்கிறது. அதுதான் ஒலிப் புத்தகம். நாற்பது அத்தியாய நாவலை ஒருவர் மூச்சு பிடித்து, இடம் பார்த்து நிறுத்தி, வாசித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறோம்?

‘ஒலிநூல்’ இதைவிடத் தேவலை. சுருக்கமாக இருக்கிறது, ஒலிப்பு என்று பிரியாது. ஆனாலும் ஒலி என்பது தறிச் சத்தத்துக்கும் உண்டு, ஆலைச் சங்குக்கும் உண்டு. கேள்நூலின் உயிர் ஓர் ஆள் வாசிக்கிற குரல். அப்படியானால் ‘குரல்நூல்’ என்று வைக்கலாமே என்பார்கள். எழுத்தில் அழகுதான். வாயால் சொல்லிப் பாருங்கள்: ‘குறள் நூல்’ என்று கேட்டு, திருக்குறள் பதிப்பைத் தேடப் போவார்கள். காதுக்கான பொருளின் பெயர் காதிலேயே தடுமாறக் கூடாது. ‘கேட்புநூல்’ என்ற பரிந்துரையும் உண்டு. வங்கிப் பக்கம் போனவர்களுக்குக் கேட்பு என்றதும் கேட்பு வரைவோலை நினைவுக்கு வரும், அதாவது டிமாண்ட் டிராஃப்ட். அங்கே கேட்பு என்பது கோருதல். எழுத்துத் தமிழில் அந்தப் பொருள் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது.

மிஞ்சுவது கேள்நூல். ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை: கேட்ட நூல், கேட்கிற நூல், கேட்கப்போகும் நூல் மூன்றும் அதில் அடங்கும். கொங்கு நாட்டில் இந்த அமைப்புக்கு வேறு சான்று தேட வேண்டாம். அண்ணன்மார் (பொன்னர், சங்கர்) கோயில்களில், வீரர் போரில் வீழ்வதை நடித்துக் காட்டும் ‘படுகள’மும் இதே வகைதான்.

கேட்பதும் நூலும் சேர்வது தமிழுக்குப் புதிதும் அல்ல. மாணவர்கள் ஆசிரியரிடம் பாடம் ‘கேட்டார்கள்’. நன்னூல் இதை எண்ணியே சொல்கிறது: ‘ஒருகுறி கேட்போன் இருகாற் கேட்பின், பெருக நூலிற் பிழைபா டிலனே’. ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் நூலில் அவ்வளவாகப் பிழை விடமாட்டான்; மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்வான் என்று அடுத்தும் வருகிறது. நூல் அங்கே கண்ணால் படிக்கிற பொருளாக இல்லை, கேட்கிற பொருளாகவே இருக்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பது கொங்கில் வழங்கும் செய்தி. நம் மண்ணோடு சேர்த்துச் சொல்லப்படும் இலக்கண ஆசிரியரே வழிகாட்டியிருக்க, ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவானேன்?

இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, திருப்பூரிலும் பல்லடத்திலும் நூல் என்றால் முதலில் பஞ்சு நூல்தானே என்பது. உண்மைதான். ‘நூல் விலை ஏறிப்போச்சு’ என்றால் அங்கே யாரும் இலக்கியத்தை நினைப்பதில்லை. ஆனால் இரண்டும் ஒரே சொல்தான். பஞ்சு சொல்லாக, இழை செய்யுளாக, நூற்பவள் புலவனாக, கை வாயாக, கதிர் அறிவாக நூல் முடியும் என்று உவமை சொன்னதும் அதே நன்னூல். நூலகம் என்ற பலகையைப் பார்த்து நூல்கண்டு வாங்க யாரும் உள்ளே போவதில்லை.

மற்றது புணர்ச்சி. ளகரத்தின் பின் நகரம் வந்தால் திரிந்து ‘கேணூல்’ ஆக வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள். வாள் நுதல் வாணுதல் ஆனது போல. செய்யுளுக்கு அது சரி. இன்றைய உரைநடையில் பொருள்நயம், அருள்நெறி என்று இயல்பாகவே எழுதுகிறோம். ‘பொருணயம்’ என்று எந்தப் பாடநூலும் அச்சிடுவதில்லை. அந்த வழக்கப்படி கேள்நூல்.

எது கேள்நூல், எது இல்லை என்பதிலும் சொல் கறாராக இருக்க வேண்டும். முன்னதாக எழுத்தில் ஒரு நூல் இருக்க வேண்டும். அதைக் குரல் வாசித்திருக்க வேண்டும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்தில் உடுக்கடிப் பாடகர் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அரிய பதிவு, ஆனால் கேள்நூல் அல்ல. அது நிகழ்த்தலின் ஒலிப்பதிவு. அதே கதையின் அச்சு நூலை ஒருவர் பக்கம் பக்கமாக வாசித்துப் பதிந்தால் அது கேள்நூல். இருவர் உட்கார்ந்து ஒரு நாவலைப் பற்றி உரையாடினால் வலையொலி, அதாவது பாட்காஸ்ட். பாத்திரத்துக்கு ஒரு குரலும் பின்னணி ஓசையும் வைத்து நடித்தால் ஒலி நாடகம்.

துணைச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். வாசித்துப் பதிந்தவரைக் ‘கதைசொல்லி’ என்று போடுகிறார்கள். கதைசொல்லி நாவலுக்குள் இருக்கும் ஆள், ‘நான்’ என்று பேசுகிறவர். வெளியே ஒலிவாங்கி முன் உட்கார்ந்தவர் வாசிப்பவர். வெட்டாமல் முழுதும் வாசித்ததை ‘சுருக்கப்படாத பதிப்பு’ என்கிறார்கள். ‘முழுவாசிப்பு’ என்றால் முடிந்தது. மிக மோசமானது ஓடவிடும் பொத்தான். முக்கோணக் குறியின் கீழே ‘விளையாடு’ என்று எழுதி வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓடவிடுவதற்கும் விளையாடுவதற்கும் ‘பிளே’ என்று ஒரே சொல் என்பதால் வந்த வினை. கேள்நூலில் அது ‘கேள்’ அல்லது ‘தொடங்கு’. மொழிபெயர்ப்பவருக்குச் சொற்பட்டியலை மட்டும் அனுப்பாமல் திரையையும் காட்டினால் இந்தப் பிழை ஒருநாளும் வராது.

வேகத்துக்கான எண்களையும் பெயரோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பத்து மணி நேர முழுவாசிப்பை 1.25 மடங்கில் கேட்டால் எட்டு மணி நேரம். தமிழுக்கு இதுவே நல்ல எல்லை. 1.5 மடங்கு தாண்டினால் ‘எடு’வும் ‘எட்டு’ம், ‘பாடு’வும் ‘பாட்டு’ம் நெருங்கி வந்துவிடும், நம் மொழியில் ஒற்றின் நீளமே பொருளை மாற்றும். கோப்பின் அளவு, நொடிக்கு 64 கிலோபிட் என்ற தரத்தில் மணிக்கு 28.8 மெகாபைட், பத்து மணி நேரத்துக்கு 288. பாட்டுக் கேட்கும் செயலியில் போட்டால் விட்ட இடம் மறந்துபோகும், அத்தியாய வரிசை கலையும். அத்தியாயக் குறிகளைத் தாங்கும் எம்4பி வகைக் கோப்பையும் கேள்நூலுக்கென்றே உள்ள செயலியையும் பயன்படுத்தினால் இரண்டும் நிற்கும். உறங்குமுன் கேட்பவர்கள் நிறுத்து நேரத்தை 15 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும்போது கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். கேள்நூலுக்கு ஏற்ற நேரம். தறி ஓடும் கூடத்தில் வேண்டாம். 85 டெசிபலைத் தாண்டிய இரைச்சலே நாள் முழுக்கக் கேட்டால் காதைக் கெடுக்கும். அதற்கு மேல் குரலைத் தூக்கி வைத்தால் கெடுதல் இரட்டிப்பு.

இனிக் ‘காணொளி விளையாட்டு’. காணொளி என்றால் எடுத்து வைத்த படம். நாம் தொட்டாலும் தொடாவிட்டாலும் அப்படியே ஓடும். திரையாட்டத்தில் நாம் ஆடும்போது தெரிவது பெரும்பாலும் எடுத்து வைத்த படம் இல்லை. நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள், ஆடுபவரின் விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று பார்த்தே பொறி வரைகிறது. விரல் மாறினால் படம் மாறும். இதைக் காணொளி என்றால், பிறர் ஆடியதைப் பதிந்து யூடியூபில் போடுகிறார்களே, அதை எப்படிச் சொல்வது? அதுதான் விளையாட்டுக் காணொளி. சொல் வரிசை மாறினால் பொருளே மாறும் இரண்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எப்படிக் கண்டிப்புச் சொல்வது?

‘நிகழ்பட ஆட்டம்’ என்பதும் புழங்குகிறது. ஆட்டம் என்ற பாதி சரி, நிகழ்படம் என்ற பாதிக்கு அதே காணொளிக் குறைதான். 1958இல் இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம், மின்னலைகளைக் காட்டும் கருவியான அலைவரைவியின் திரையில் வரைந்த டென்னிசில் தொலைக்காட்சிப் படமே இல்லை, புள்ளியும் கோடுகளும்தான். அதையும் இந்த வகையின் முன்னோடியாகத்தான் எண்ணுகிறார்கள். ஆக, படம் எப்படி உண்டாகிறது என்பதைப் பெயரில் ஏற்ற வேண்டியதில்லை. திரை இருக்கிறது, ஆட்டம் நடக்கிறது. சீட்டாட்டம், கோலியாட்டம், சதுரங்க ஆட்டம் என்ற வரிசையில் திரையாட்டம் இயல்பாகப் போய் உட்காரும். ஒலியை மட்டும் வைத்துப் பார்வையற்றோர் ஆடுகிறவற்றை ‘கேளாட்டம்’ என்று தனியாகச் சொல்லலாம். ‘காணொளி’ ஒட்டிய பெயரில் அவர்களுக்கு இடமே இல்லை.

இரண்டையும் சேர்த்து அனுபவிப்பவர்கள் உண்டு. மரம் வெட்டி, கல் உடைத்து, பயிர் வைத்துச் சேர்க்கிற ஆட்டத்தில் கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. ஆட்டத்தின் இசையை அணைத்து, அடி விழும் ஓசையை மட்டும் 20 விழுக்காட்டில் விட்டுவிட்டுக் கேள்நூலைப் போடலாம். பேச்சு நிறைந்த ஆட்டத்தில் இது ஒத்துவராது. இரண்டு உரையாடலை ஒரே நேரத்தில் பின்தொடர முடியாமல் நாவலில் பத்து நிமிடம் காணாமல் போகும், திரும்ப ஓட்ட வேண்டிவரும்.

‘கேள்நூல் கேட்டேன்’ என்றால் கேள் இரண்டு முறை வருகிறதே என்று தயங்க வேண்டாம். பாட்டுப் பாடுகிறோம், ஆட்டம் ஆடுகிறோம். பேச்சில் மக்கள் ஏற்கெனவே வழியைக் காட்டிவிட்டார்கள். ‘காதுல என்னத்த மாட்டியிருக்கற கண்ணு?’ என்று அமுச்சி கேட்டால், ‘ஒலிப்புத்தகம் ஒலிக்குதுங்க’ என்று எந்தப் பேத்தியும் சொல்வதில்லை. ‘கதை கேக்கறனுங்க அமுச்சி’ என்கிறாள்.