செவித்திறன் பயிற்சியா, கேட்டல் பயிற்சியா?

காது மந்தமானவர்களுக்கான கைபேசிச் செயலிகளின் தமிழ் விளக்கங்களில் ‘செவித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி’ என்ற தொடர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒன்றில் ‘நடமாடும் செவித்திறன் பயிற்சி’ என்றே போட்டிருந்தது. மொபைலை நடமாடும் என்று பெயர்த்த புண்ணியவான் யாரோ! கும்பகோணத்தில் அதைப் படிப்பவர், வேன் என்றைக்கு நம் தெருவுக்கு வரும் என்றுதான் கேட்பார்.

இதன் ஆங்கில மூலம் ‘ஆடிட்டரி ட்ரெய்னிங்’: காதில் விழும் ஒலியிலிருந்து சொல்லைப் பிரித்தறியப் பழக்குவது. லத்தீனில் ‘ஆடிரே’ என்றால் கேட்பது. ஆடிட்டோரியத்துக்கும் கணக்குப் பார்க்கும் ஆடிட்டருக்கும் அதே வேர். 1895-இல் வியன்னாவில் உர்பான்சிச் என்ற காது மருத்துவர் இதைப் பற்றி நூல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் காது போன அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் செவியியல் அறிஞர் ரேமண்ட் கார்ஹார்ட் இதை முறைப்படுத்தினார். அவ்வளவுதான் வரலாறு.

என் சண்டை ‘செவித்திறன்’ மேல். எவ்வளவு சத்தத்தில், அதாவது எத்தனை டெசிபலில், ஒலி காதில் விழத் தொடங்குகிறது என்று காதுப் பரிசோதனை வரைபடமான ஆடியோகிராம் காட்டுகிறதே, அதுதான் செவித்திறன். உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் போனால் போனதுதான், மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஆறு மாதம் செயலியோடு மல்லுக்கட்டினாலும் அதை வைத்து அந்தக் கோடு ஏறாது. ஏறுவது, காது மிஷின் தரும் ஒலியிலிருந்து சொல்லைப் பிரித்தெடுக்கும் பழக்கம். அது மூளையின் வேலை, பலனும் ஆளுக்கு ஆள் மாறும். போனில் ஒரு குரல் ‘தட்டு’ என்கிறது. திரையில் பட்டு, தட்டு, கட்டு. சரியானதைத் தொட வேண்டும். அப்புறம் அதே சொல், பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலோடு. இதில் காதின் திறன் எங்கே மேம்பட்டது? எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பெயரை நம்பி, “காதே சரியாயிடுமாமே” என்று மிஷினைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘கேள்விப் பயிற்சி’ என்பார்கள். எனக்கும் ஆசைதான். கேள்வியால் துளைக்கப்படாத செவி, கேட்டாலும் கேளாச் செவியே என்கிறார் வள்ளுவர்; காதையும் கேட்டலையும் இதைவிடத் தெளிவாகப் பிரிக்க முடியாது. குருவிடம் உட்காராமலே பாடுகிறவருக்குக் ‘கேள்வி ஞானம்’ என்று திருவையாற்றுப் பக்கம் இன்றும் சொல்கிறோம். ஆனால் கேள்விப் பயிற்சி என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளை வினாத்தாளைத் தேடும். ‘கேட்டறி பயிற்சி’யும் தேறாது: அமைச்சர்கள் குறைகளைக் கேட்டறிந்து கேட்டறிந்து அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள்.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று தொடக்கப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். ‘கேட்டல் பயிற்சி’ போதும். போனில் செய்வது என்றால் ‘கைபேசிவழிக் கேட்டல் பயிற்சி’. புதுச்சொல் படைத்த பெருமை யாருக்கும் கிடைக்காது என்பதுதான் இதில் குறை.

பெயரோடு தொல்லை தீர்கிறதா? ஆங்கிலப் பயிற்சியில் வரும் ‘கேட்’ (cat), ‘பேட்’ (bat) இணையைப் பூனை, மட்டை என்று பெயர்த்தால், அதைப் பிரித்தறியப் பயிற்சி எதற்கு? சரி, தமிழிலேயே செய்கிறேன் என்று வாழை, வாளை என்று வைத்தால் அதுவும் வம்பு. இங்கே பலர் பேச்சில் பழமும் மீனும் ஒரே ஒலிதான். அதில் தவறினால் காதைக் குறை சொல்லக் கூடாது. கல்–பல், சோறு–சேறு என்று வைக்கட்டும். டெல்டாக்காரருக்குச் சோறும் சேறும் தினப்படி காதில் விழுகிற சொற்கள்.