அந்தக் குரல் யாருடையது?

வாக்குப்பதிவு நாள் காலை. குளச்சல் துறைமுகத்தில் நிற்கும் ஒருவரின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "மக்களே, நம்ம பூத்துல மெஷின் ரிப்பேரு. நாளைக்குப் போட்டா போதுமாம்." ஊர்ப் பெரியவரின் குரல். அந்த 'மக்களே' கூட அவர் இழுக்கிற மாதிரியே இருக்கிறது. கேட்டவர்களில் பத்துப் பேர் வீட்டுக்குத் திரும்பினால் பத்து வாக்கு போயிற்று. வாக்கு இயந்திரத்தில் யாரும் கைவைக்கவே இல்லை.

ஆனால் பேசியது அவரல்ல, ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செய்த போலிக் குரல். இது எப்படிச் சாத்தியம்? பேசும்போது நம் குரல்நாண்கள் அதிர்கின்றன. ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 100 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை. அந்த அதிர்வு தொண்டை, வாய், மூக்கு வழியே வரும்போதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சுசீந்திரம் கோயிலின் இசைத்தூண்களை ஒரே கை தட்டினாலும் தூணுக்குத் தூண் நாதம் வேறாக இருக்கும் அல்லவா, அதுபோல.

கணினி இந்த ஒலியை வினாடிக்கு 16,000 முறையோ அதற்கு மேலோ அளந்து எண்களாக்குகிறது. எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கியிருக்கிறது என்று அவற்றைப் படமாகவும் வரையலாம். பல்லாயிரம் மணி நேரப் பேச்சைப் பழகிய ஒரு ஏஐ மாடல், 'என்ன சொல்லப்படுகிறது', 'யார் சொல்கிறார்' என்ற இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் புதிய குரலுக்குக் கொஞ்சம் மாதிரி போதும். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-ஈ மாடலுக்கு 3 வினாடிப் பதிவே போதுமானதாக இருந்தது. ஒரு கல்யாண வீடியோவில் அதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

நம்மூர்ப் பேச்சு நம்மைக் காப்பாற்றாதா? எழுத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னால், விளவங்கோடு பக்கத்து மலையாள வாடை கலந்த தமிழில் இயந்திரம் தடுமாற வாய்ப்புண்டு. ஆனால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் கவலை தருகிறது. உள்ளூர்க்காரர் ஒருவரே பேசுவார். இயந்திரம் குரலை மட்டும் மாற்றிவிடும். இழுவையும் ஏற்ற இறக்கமும் அப்படியே நிற்கும். போதாததற்கு, வாட்ஸாப் ஒலியைச் சுருக்கும்போது போலியின் நுண்ணிய தடயங்களும் கரைந்துபோகின்றன. கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் அதனால் ஏமாறக்கூடும்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், அப்போதைய ஜனாதிபதி பைடனின் போலிக் குரல் வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைத்து, உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்றது. அதை ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

சரி, குளச்சலுக்கு வருவோம். அந்த மெசேஜ் வந்ததும் அதே பெரியவரை, நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற உதவித் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அடுத்த பொய், வாக்கு எண்ணும் நாளில் வரும்: "மெஷினை மாத்திட்டாங்க." இதற்கான பதில் பழைய பாணிக் காகிதத்தில் இருக்கிறது. நம் வாக்கு இயந்திரம் இணையத்தோடு இணைக்கப்படுவதில்லை. வாக்குப்பதிவு நாள் காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டு, எண்ணிப் பார்த்து, அழிக்கிறார்கள். நாம் பொத்தானை அழுத்தியதும் யாருக்குப் போட்டோம் என்று அச்சாகும் விவிபாட் சீட்டு 7 வினாடி கண்ணில் தெரிகிறது. எண்ணும்போது சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடி வீதம், கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் 6 பகுதிகளிலும் 30 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளைக் கையால் எண்ணி ஒப்பிடுகிறார்கள்.

அப்புறம் படிவம் 17சி. பதிவான மொத்த வாக்கும் இயந்திரத்தின் அடையாள எண்ணும் அதில் இருக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் அதன் நகலை வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் முகவர்களிடம் கொடுத்துவிடுவார். முகவர் பெரும்பாலும் நம் தெருக்காரராகவே இருப்பார். எண்ணும் நாளில் மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு, அவர் வாங்கி வைத்த அந்தத் தாளை ஒத்துப் பார்க்கலாம்.