குண்டு பட்டவர் பறப்பாரா?

ஹீரோ சுடுகிறார். வில்லனின் அடியாள் பத்தடி பின்னால் பறந்து, கண்ணாடிக் கதவை நொறுக்கிக்கொண்டு விழுகிறான். பள்ளியில் படித்த ஒரு பெருக்கல் கணக்கு போதும், இந்தக் காட்சியைக் காலி செய்ய.

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். ஒரு பொருள் எவ்வளவு தள்ளும் என்பதை அதுதான் சொல்லும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் தோட்டா சுமார் 8 கிராம் இருக்கும். நொடிக்கு ஏறக்குறைய 360 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கிராமைக் கிலோவாக மாற்றிப் பெருக்கினால் உந்தம் 2.9 வருகிறது. சரி, இப்போது கிரிக்கெட் பந்து. எடை 160 கிராம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் நொடிக்கு 39 மீட்டர். உந்தம் 6.2. தோட்டாவைவிட இரண்டு மடங்கு! நெஞ்சில் பந்தை வாங்கிய பேட்ஸ்மேன் வலியில் சுருண்டு உட்காருவார். ஸ்டம்பைத் தாண்டிப் பறந்து விக்கெட் கீப்பர் மடியில் விழுந்தவர் யாருமில்லை.

தோட்டா 70 கிலோ ஆளின் உடம்புக்குள்ளேயே நின்றுவிட்டால்கூட அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர்தான். ஷாட்கன்னில் 30 கிராம் ஈயக் குண்டுகள் 400 மீட்டர் வேகத்தில் வந்தாலும் 17 சென்டிமீட்டர். நாம் சாதாரணமாக நடப்பதே 140 சென்டிமீட்டர் வேகத்தில். போதாக்குறைக்கு நியூட்டனின் மூன்றாம் விதி வேறு இருக்கிறது: தோட்டா வாங்கிய உந்தம் முழுவதும் சுட்டவர் பக்கமும் உதையாகத் திரும்புகிறது. அடியாள் பறந்தால் ஹீரோவும் எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும். படப்பிடிப்பில் ஆளைப் பறக்கவிடுவது முதுகில் மாட்டிய கயிறு.

அப்புறம் எப்படிக் கொல்கிறது? ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பந்துக்கு 120 ஜூல் என்றால் இந்தத் தோட்டாவுக்கு 500 ஜூலுக்கு மேல். அத்தனையும் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் இறங்குகிறது. கோணி ஊசி மூட்டையைத் தள்ளுவதில்லையே, துளைக்கிறது. துளை எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம் போனது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

கேம்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அடி விழ விழ உயிர்ப் புள்ளிகள் குறைந்து, பூஜ்ஜியமானதும் சாகும் 'ஹிட் பாயின்ட்' முறையை 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு பரப்பியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன், அந்த யோசனையைக் கடற்போர் விளையாட்டிலிருந்து எடுத்தார். கப்பலுக்கு அது பொருத்தம். அடி விழ விழக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கும். ஆனால் கேமில் நூறு பாயின்ட் உள்ளவன் நான்கு குண்டு வாங்கியும் முதலில் ஓடிய அதே வேகத்தில் ஓடுகிறான், ஐந்தாவதில் பொத்தென்று சாகிறான். உடம்பு அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் விளக்கை அணைத்ததுபோல உடனே சரிவார். மற்ற இடங்களில் ரத்தம் வடிந்தாக வேண்டும். இதயமே சிதைந்தாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் 10 முதல் 15 நொடிகள் வரை ஆளை இயங்கவைக்கும் என்கிறது 1989இல் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வெளியிட்ட அறிக்கை. திருப்பிச் சுட அது தாராளம்.

அந்த அறிக்கைக்குப் பின்னால் ஒரு சம்பவம் உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எட்டு எஃப்பிஐ அதிகாரிகள் மடக்கினார்கள். ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் புகுந்த 9 மில்லிமீட்டர் தோட்டா, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அதற்குப் பிறகு அவன் தொடர்ந்து சுட்டான்; இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். உடம்புக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலமாவது தோட்டா இறங்க வேண்டும் என்ற அளவுகோல் இதன் விளைவாகத்தான் வந்தது. தள்ளும் சக்தியை யாரும் அளக்கவில்லை, ஆழத்தை அளந்தார்கள்.

நேர்மாறாக, லேசான காயத்திலேயே தொப்பென்று விழுபவர்களும் உண்டு. சுடப்பட்டால் விழ வேண்டும் என்று மனசு நம்புவதால்! அதைச் சொல்லிக்கொடுத்ததில் சினிமாவுக்கும் பங்கிருக்கும் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று. இருபது பேர் சுற்றி நின்று சுட்டும் ஹீரோ மேல் ஒன்றுகூடப் படாத காட்சியைத்தான் நாம் அதிகம் கிண்டலடிக்கிறோம். 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் நியூயார்க் போலீஸ் சுட்ட குண்டுகளில் இலக்கில் பட்டவை சராசரியாக நூற்றுக்கு 18தான். இத்தனைக்கும் பயிற்சி பெற்றவர்கள். ஆகவே அடியாட்களை விட்டுவிடலாம். ஓடிக்கொண்டே ஹீரோ சுடும் ஒவ்வொரு குண்டும் தவறாமல் இலக்கில் படுகிறதே, உதைப்பது அதுதான்.