சாலை நடுவே உடைபடும் கடைத்தேங்காய்

சென்னையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். 18 ஆண்டுகளாக இடது இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் வைத்துக்கொண்டு பிழைக்கிறேன். முரட்டுத்தனமாக ஓட்டுபவர்களை எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்காத ஆள் இல்லை. முரடர்கள் பெரிய பாடு இல்லை. ஒரு முறை நன்றாகப் பயந்துவிட்டால் வழிக்கு வந்துவிடுவார்கள். என்னைத் திணற அடிப்பவர்கள் நல்லவர்கள்தான்.

வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் போன ஆண்டு என்னிடம் கற்றார். அறுபதைத் தாண்டியவர். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பொறுமை. நாய் குறுக்கே வந்தாலும் "நீ போப்பா" என்பார். ஆறாவது வகுப்பு, ஆற்காடு சாலை, மாலை ஆறு மணி. மீடியனை ஒட்டிய தடத்தில் சீராகப் போய்க்கொண்டிருந்தோம். மீடியன் இடைவெளியில் ஓர் ஆட்டோ யூ டர்ன் அடிக்கக் காத்திருந்தது. இவர் சட்டென்று காரை நிறுத்தினார். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பவர் போலக் கையை வீசி, "வாருங்கள், வாருங்கள்" என்றார். ஆட்டோ நகர்ந்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் இடப்புறமாக வருவதைப் பார்த்துவிட்டேன். என் காலடியில் பிரேக் இருந்து என்ன பயன்? எங்கள் கார்தான் ஏற்கெனவே நின்றுவிட்டதே!

ஸ்கூட்டர் ஓட்டி வந்த பெண் பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தார். காலடியில் வைத்திருந்த பை அவிழ்ந்து தக்காளி ஆட்டோவுக்கு அடியில் உருண்டது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்தவர் ஆட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டார். அவரோ எங்கள் காரைக் காட்டி, "நான் என்ன செய்வேன் அம்மா, அவர்தான் வரச் சொன்னார்!" என்றார். எங்கள் மாணவரின் கை அப்போதும் இறங்கவில்லை.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் இது. அவர் விட்டுக்கொடுத்தது தம் தடத்தை மட்டுமல்ல. பக்கத்துத் தடத்தையும் சேர்த்துத் தானம் செய்துவிட்டார். அது அந்தப் பெண்ணுடைய வழி. அவரை யாரும் கேட்கவில்லை.

நின்ற கார் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்தப் பக்கம் தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கும். காரின் முன்மூக்கைத் தாண்டி ஓர் ஆட்டோவோ ஆளோ வெளிப்படும்போது அந்த ஒரு விநாடிதான் மிச்சம்; கண் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் இருசக்கர வாகனங்கள் நெளிந்து வரும் நம் ஊரில், "பக்கத்தில் யாரும் இல்லை" என்று எந்தக் கார்க்காரரும் சத்தியம் செய்ய முடியாது.

நடந்து செல்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். கை காட்டியவுடன் அவர்கள் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்கள், நன்றியாகச் சிரிப்பதற்காக. வயதானவர்களோ, நம்மைக் காக்க வைக்கக் கூடாதே என்று ஓடவே ஆரம்பித்துவிடுகிறார்கள். வரிக்கோடு போட்ட இடத்தில் நடப்பவருக்காக நிற்பது வேறு. அது உபசாரமே அல்ல, சட்டம். அங்கேயும் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள், நில்லுங்கள், கையை ஸ்டியரிங்கிலேயே வைத்திருங்கள். எப்போது கடப்பது என்பதை அவர் கண்ணால் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.

1989-இல் வந்து, 2017-இல் புது விதிகள் வரும்வரை இருந்த சாலை விதிகளில் ஓட்டுநருக்கு ஐந்து கை சைகைகள் இருந்தன. வேகம் குறைக்கிறேன், நிறுத்துகிறேன், வலப்புறம் திரும்புகிறேன், இடப்புறம் திரும்புகிறேன், பின்னால் வருபவரே முந்திச் செல்லலாம். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்ட காலத்திலிருந்து இவற்றை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் அந்த ஐந்தில் இல்லாத ஆறாவது சைகை, எதிரே நிற்பவரைக் குறுக்கே அழைக்கும் சைகை, நம்மிடம் தானாக வளர்ந்துவிட்டது.

லைட் அடிப்பது இன்னொரு குழப்பம். "நான் வருகிறேன், நில்" என்பதற்காக ஒருவர் அடிக்கிறார். "நான் நிற்கிறேன், வா" என்பதற்காக இன்னொருவர் அடிக்கிறார். ஒரே வெளிச்சம், நேர் எதிரான இரண்டு அர்த்தம். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே விளக்கை அடிக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் சாலை விதிநூல். இந்த ஒன்றையாவது நாம் கடன் வாங்கலாம்.

மயிலாப்பூர்ச் சந்துகளில் இரண்டு நல்லவர்கள் ஒரு முனையில் சந்திப்பதைப் பார்க்க வேண்டும். இவர் நிற்பார், அவரும் நிற்பார். இவர் கை காட்டுவார், அவர் தலையசைப்பார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், பதறி நிற்பார்கள், மறுபடி கை காட்டுவார்கள். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்கும். பிரதான சாலையில் வருபவருக்கு முதல் வழி. அப்படி எதுவும் இல்லாத முனையில் உங்கள் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி. இவ்வளவுதான் விதி. லைசென்ஸ் வாங்கிப் பத்தாண்டு ஆனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று. விதி தெரியாத இடத்தில்தான் உபசாரம் புகுந்துகொள்கிறது.

நேராகப் போகும்போது இரண்டு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுகிறவர்களும் இந்த இனம்தான். பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒரு விளக்குதான் தெரியும். நீங்கள் திரும்புவதாக நினைத்து அவர் உள்ளே நுழைவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம்.

எங்கள் மாணவர் அன்று மிகவும் நொந்துபோனார். "உதவி செய்யத்தானே மேடம் நின்றேன்" என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் உறுத்தல்தான். முதல் வகுப்பில் "விட்டுக்கொடுத்து ஓட்டுங்கள் சார்" என்று பாடம் எடுத்தவள் நான்தானே. இப்போது அந்த வார்த்தையை மாற்றிவிட்டேன். "மற்றவர் எதிர்பார்க்கிறபடி ஓட்டுங்கள்" என்கிறேன். நிற்பதற்கு முன் உள்கண்ணாடி, இரு பக்கக் கண்ணாடி. நின்றால் காரணத்தோடு, மெதுவாக, பின்னால் வருபவருக்குத் தெரியும்படி.

கடைசி வகுப்பில் அதே ஆற்காடு சாலை, அதே இடைவெளி, வேறோர் ஆட்டோ. அவர் நிற்கவில்லை. கண்ணாடிகளைப் பார்த்தார், வேகத்தைச் சற்றுக் குறைத்தார், நேராகப் போனார். ஆட்டோக்காரர் முறைத்தார். கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்து இவர் தணிந்த குரலில், "மன்னித்துக்கொள் தம்பி" என்றார்.