மயில்துத்தம் கையாள்பவர் கேட்டுப் பெற வேண்டிய தாள்

மயில்துத்தம் அல்லது துருசு என்று நாம் சொல்வதன் வேதிப்பெயர் காப்பர் சல்பேட். பயிரில் பூஞ்சையைத் தடுக்கவும் உலோக முலாம் பூசவும் ஆய்வகப் பாடத்துக்கும் பயன்படுகிறது. கையில் இருப்பது என்ன, அது உடம்பை என்ன செய்யும் என்று அறிந்துகொள்வது இதைக் கையாளும் தொழிலாளியின் உரிமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990இல் நிறைவேற்றிய 170ஆம் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளை அது கட்டுப்படுத்தும். பாதுகாப்புக் கருவிகளை முதலாளி இலவசமாகத் தர வேண்டும். உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால் தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்பதும் அதில் உண்டு.

அந்தத் தகவல் இரண்டு வடிவில் வரும். ஒன்று, பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு. மற்றொன்று, 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள். வேதிப்பொருள்களின் ஆபத்தை வகைப்படுத்திச் சீட்டில் குறிக்க ஐ.நா. 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறைப்படிதான் பல நாடுகளில் இவை எழுதப்படுகின்றன. தாள் கைக்கு வந்ததும் முதலுதவி சொல்லும் 4ஆம் பகுதியையும் கையுறை, கண்ணாடி பற்றிய 8ஆம் பகுதியையும் முதலில் படியுங்கள்.

மயில்துத்தத்தின் தாளில் பெரிய எச்சரிக்கை கண்ணைப் பற்றியது. பார்வைக்கு நிரந்தரக் கேடு செய்யக்கூடியது என்பதால் 'அபாயம்' என்ற சொல் அச்சாகியிருக்கும். தூளோ கரைசலோ கண்ணில் பட்டால் உடனே சுத்தமான நீரால் பல நிமிடங்கள் விடாமல் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கினால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அளவு கூடினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஒருகாலத்தில் வாந்தி வரவழைக்க இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தை யாரும் பின்பற்ற வேண்டாம்.

செத்த மீனும் பட்ட மரமும் வரைந்த படம் இன்னொரு எச்சரிக்கை. இந்த உப்பு நீரில் எளிதாகக் கரையும். மிகக் குறைந்த அளவே மீனையும் பாசியையும் கொன்றுவிடும். ஆகவே மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

படிகத்தின் நீலம் அதற்குள் இருக்கும் நீரால் வருவது. ஒரு மூலக்கூறு உப்போடு 5 மூலக்கூறு நீர் சேர்ந்திருக்கும். சூடாக்கினால் நீர் போய் வெளிறிய தூளாகிவிடும். நிறம் போனாலும் நஞ்சு போகாது. இரும்பை அரித்து அதன் மேல் செம்பாகப் படியும் என்பதால் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கலத்தில் வைப்பதே சரி.

விதி அதிகம் மீறப்படுவது இந்தக் கலம் மாற்றும் நேரத்தில்தான் என்பது என் எண்ணம். மூட்டையில் சீட்டு இருக்கும். அதிலிருந்து அள்ளிப்போட்ட சிறு ஜாடியில் எதுவும் இருக்காது. நீலக் கற்கள் குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய் போலத் தெரியும். வேறு கலத்துக்கு மாற்றும்போதும் உள்ளே இருப்பது என்ன, அதன் ஆபத்து என்ன, எப்படிக் கவனமாக இருப்பது என்று தொழிலாளிக்குத் தெரியும்படி குறிக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் வேலையிடத்தில் சீட்டில்லாத ஜாடி இருந்தால் பொறுப்பாளரிடம் இன்றே கேளுங்கள், தாளின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள்.